திசை சரி, அளவு தவறு: விளக்கம் எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டியவை

முகம் தெரியாத ஒருவர் இயங்கலையில் ஒரு கேள்வியைப் போடுகிறார். கைகழுவும் தொட்டியில் தண்ணீர் ஏன் சுழன்று இறங்குகிறது? கறுப்புக் காய்களை எடுத்தால் நான் ஏன் தோற்கிறேன்? பினாங்கின் கொடிமலையில் ஏன் குளிர்கிறது? இத்தகைய கேள்விகளுக்குத் தமிழில் பொறுமையாகப் பதில் எழுதப் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இளைஞர்கள் சிலர் முன்வந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அவர்களுடைய பதில்களைத் தொடர்ந்து படிக்கும்போது, எங்களில் பழையவர்கள் செய்து கைவிட்ட தவறுகளே வரிசை மாறாமல் திரும்ப வருவதைக் காண்கிறேன். எழுத்துப் பிழை, கேட்பவரை ஏளனம் செய்வது, எங்கிருந்தோ எடுத்து ஒட்டுவது ஆகியவற்றை ஒருவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்துதல்

தே ஆயிஸ் (பனிக்கட்டி இட்ட தேநீர்) ஊற்றிய கண்ணாடிக் குவளை வெளிப்புறம் ஏன் நனைகிறது என்று கேட்டவருக்கு 'ஒடுக்கம்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் தந்தால், தண்ணீர் உள்ளிருந்து கசிந்ததா, காற்றிலிருந்து வந்ததா என்ற அவருடைய ஐயம் அப்படியே நிற்கும். வெளியே வழியும் துளியில் தேநீரின் நிறம் இல்லை என்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அளந்து பார்க்காத காரணம்

இந்த ஒன்றைப் பற்றிச் சற்று நீளமாகவே எழுதப் போகிறேன். மற்றத் தவறுகள் படிப்பவரைச் சலிப்படையச் செய்வதோடு முடிந்துவிடுகின்றன, இதுவோ பரவுகிறது. அறிவியலில் உண்மையாகவே உள்ள ஒரு காரணத்தை எடுத்து, அது சுட்டும் திசையும் கேள்வியில் உள்ள நிகழ்வின் திசையும் ஒத்துப்போவதைக் கண்ட மாத்திரத்தில், அந்த நிகழ்வை உண்டாக்கும் அளவுக்கு அது பெரியதா என்று கணக்குப் போடாமலேயே எழுதிவிடுவதுதான் அந்தத் தவறு. சொன்ன காரணம் பொய் அன்று என்பதால் யாரும் அதைத் திருத்துவதும் இல்லை.

கைகழுவும் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். பூமி சுழல்வதால்தான் தொட்டித் தண்ணீரும் சுழல்கிறது, வட கோளத்தில் இடஞ்சுழியாகவும் தென் கோளத்தில் வலஞ்சுழியாகவும் இறங்குகிறது என்று புதிதாக எழுத வருபவர் ஒவ்வொருவரும் எழுதிவிடுகிறார். பூமியின் சுழற்சி நகரும் காற்றையும் நீரையும் பக்கவாட்டில் திருப்பும் இந்தக் கொரியோலிஸ் விளைவு உண்மையானது. பெரும் புயல்கள் எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. ஆனால் நம் வீட்டுத் தொட்டிக்கு அது எவ்வளவு கொடுக்கிறது? பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை திரும்புகிறது. ஓரிடத்தின் தரை தன் செங்குத்து அச்சைச் சுற்றி எவ்வளவு திரும்பும் என்பது அவ்விடத்தின் அட்சரேகையைப் பொறுத்தது. துருவத்தில் அந்த 15 பாகையும் முழுமையாகக் கிடைக்கும், நிலநடுக்கோட்டில் ஒன்றுமே கிடைக்காது. ஏறக்குறைய 5.4 பாகை வடக்கில் இருக்கும் பினாங்கில் மணிக்கு 1.4 பாகைதான். தொட்டி காலியாக அரை நிமிடம் ஆகிறது என்றால், அதற்குள் பூமி தரும் திருப்பம் ஒரு பாகையில் நூற்றில் ஒரு பங்கை அடுத்து நிற்கும். ஒரு முழுச் சுற்று வருவதற்குப் பத்து நாளுக்கு மேல் ஆகும். குழாய்த் தண்ணீர் ஓரமாக விழுந்ததும், நாம் கையை எடுத்ததும், தொட்டியின் அடிப்பகுதி ஒருபுறம் சரிந்திருப்பதும் அந்தத் தண்ணீரைச் சில நொடிகளுக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் ஏற்கெனவே சுழற்றிவிட்டன.

பூமியின் பங்கைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அதற்கு எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதை 1962இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆஷர் ஷாப்பிரோ காட்டினார். ஆறடி விட்டமும் ஆறங்குல ஆழமும் கொண்ட வட்டத் தொட்டியில் நீரை நிரப்பி, ஒரு நாள் முழுவதும் அசையாமல் விட்டுவைத்து, அடியில் இருந்த மிகச் சிறிய துளை வழியாக ஏறக்குறைய இருபது நிமிடம் வடியவிட்டார். முதல் பத்து நிமிடத்துக்கும் மேலாக ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகே இடஞ்சுழி தென்பட்டது. 1965இல் சிட்னியில் அதே வகைச் சோதனை செய்தவர்களுக்கு வலஞ்சுழி கிடைத்தது. அவை இரண்டும் நிலநடுக்கோட்டிலிருந்து முப்பது பாகைக்கு மேல் தள்ளியிருக்கும் ஊர்கள். பினாங்கில் செய்திருந்தால் அந்தத் தொட்டிக்குக் கிடைத்திருக்கும் திருப்பம் மாசச்சூசெட்ஸில் கிடைத்ததில் ஏழில் ஒரு பங்கு.

இதைக் குறித்து நான் இவ்வளவு கடுகடுப்பதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு புக்கிட் மெர்தாஜாமைச் சேர்ந்த ஒரு தந்தை இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தார். பதில் எழுதியவர் நல்ல படிப்பாளி. படம் வரைந்து, அம்புக்குறி இட்டு, நம் நாட்டில் தண்ணீர் இடஞ்சுழியாகத்தான் இறங்கும் என்று அழகாக எழுதினார். தந்தை அதைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) வீட்டுக்கு அனுப்ப, ஐந்தாம் ஆண்டில் படித்த மகள் அதையே பள்ளியின் அறிவியல் விழாவில் காட்சிக்கு வைத்தாள்: ஒரு நெகிழி வாளி, அடியில் துளை, துளையில் தக்கை, பின்னால் மணிலா அட்டையில் வண்ணம் தீட்டிய பூமி. நடுவராக வந்தவர் தக்கையைப் பிடுங்குவதற்கு முன்னால் தண்ணீருக்குள் விரலை விட்டு வலப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினார். தண்ணீர் கடைசிச் சொட்டு வரை வலஞ்சுழியாகவே இறங்கியது. "நாம் இப்போது ஆஸ்திரேலியாவிலா இருக்கிறோம்?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டாராம். பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை; எப்படித் தெரியும்? நடுவர் செய்தது சரியான சோதனைதான், அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. அம்புக்குறி வரையக் கிடைத்த நேரத்தில் ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் செய்யாமல் போனவர் மீதுதான் இன்றுவரை எரிச்சல். அந்தத் தந்தை அதன் பிறகு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

பனிச்சறுக்கு இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கேள்வி. கோலாலம்பூர்ப் பக்கம் பேரங்காடிக்குள் பனிச்சறுக்குத் தளம் இருப்பதால் நம் ஊர்ப் பிள்ளைகளும் இதைக் கேட்கிறார்கள். காலணியின் அலகு அழுத்துவதால் பனி உருகி வழுக்குகிறது என்பது வழக்கமான பதில். அழுத்தினால் பனிக்கட்டியின் உருகுநிலை இறங்கும் என்பது உண்மைதான். அறுபது கிலோ எடையுள்ளவர் ஒற்றைக் காலில் நிற்க, அலகு பனியைத் தொடும் பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கிடைப்பது பத்து வளிமண்டல அழுத்தம். அதனால் உருகுநிலை இறங்குவது 0.07 பாகை செல்சியஸ். தொடும் பரப்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் ஒரு பாகையை எட்டாது; தளத்திலுள்ள பனியோ சுழியத்துக்குக் கீழே பல பாகையில் இருக்கிறது. பனியின் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகள் உள்ளே இருப்பவற்றைப் போல் இறுகப் பிணைந்திராமல் மெல்லிய நீர்ப்படலம் போல் நடந்துகொள்வதும், உராய்வு தரும் வெப்பமும்தான் பெரும்பங்கு வகிக்கின்றன. அத்தகைய படலம் இருக்க வேண்டும் என்று மைக்கேல் ஃபாரடே 1850இலேயே சொன்னார்.

சதுரங்கத்தில் இந்தத் தவறு வேறு உடை உடுத்தி வருகிறது. கறுப்புக் காய்களோடு தொடர்ந்து தோற்பதாக எழுதிய ஒருவருக்கு, வெள்ளைக்கு முதல் நகர்த்தல் என்ற சாதகம் உண்டு, அதனால்தான் தோற்கிறீர்கள் என்று மூன்று பேர் பதில் எழுதியிருந்தார்கள். சாதகம் உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. வல்லுநர்களின் ஆட்டங்களைத் தொகுத்துப் பார்த்தால் வெள்ளைக்கு நூற்றுக்கு 54, 55 புள்ளிகள் வருகின்றன. அது எப்படி ஒருவரைத் தொடர்ந்து தோற்கடிக்கும்? அவர் அனுப்பிய ஆட்டத்தில் 14ஆவது நகர்த்தலில் குதிரை காவலின்றி நின்றது. குதிரையின் மதிப்பு மூன்று சிப்பாய். முதல் நகர்த்தலின் மதிப்போ ஒரு சிப்பாயில் சிறு பகுதிதான்; அதுகூட ஆட்டம் முடியும்வரை நிலைக்குமா என்று வல்லுநர்களே ஐயுறுகிறார்கள். அவருக்குத் தேவைப்பட்ட பதில், எதிராளி நகர்த்தியவுடன் தன் காய்களில் எது காவலின்றி நிற்கிறது என்று பார்க்கும் பழக்கம். மூன்று பதில்களிலும் அது இல்லை.

சில வேளை கேட்பவரே இந்தத் தவறைக் கேள்விக்குள் வைத்து அனுப்புகிறார். கொடிமலை சூரியனுக்கு அருகில்தானே இருக்கிறது, பிறகு ஏன் குளிர்கிறது என்பது அப்படிப்பட்டது. அவர் சொல்லும் திசை தப்பில்லை என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு அளவைக் காட்டுங்கள்: மலையின் உச்சி 833 மீட்டர், சூரியனோ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, அருகே போனது 18 கோடியில் ஒரு பங்கு. ஜனவரியில் பூமி முழுவதுமே ஜூலையில் இருப்பதைவிட 50 லட்சம் கிலோமீட்டர் சூரியனுக்கு அருகே இருந்தும் ஜார்ஜ்டவுனில் யாரும் அதை உணர்வதில்லை. இதற்குப் பிறகு, வெயில் முதலில் தரையைத்தான் சூடாக்குகிறது, தரை காற்றைச் சூடாக்குகிறது, மேலேறும் காற்று அழுத்தம் குறைந்து விரிந்து குளிர்கிறது என்று சொன்னால் அவர் கேட்பார். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 பாகை என்ற கணக்கில் உச்சிக்கு ஐந்து பாகைக்குச் சற்று மேல் வருகிறது. மலை ரயிலில் ஏறி இறங்கியவர் தோலில் உணர்ந்ததும் கிட்டத்தட்ட அதுவே.

கணக்கு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு மடங்கு பிசகினாலும் ஐந்து மடங்கு பிசகினாலும் பாதகமில்லை, ஆயிரம் மடங்கு பிசகினால் அந்தக் காரணத்தைக் கைவிட்டுவிட வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள ஓர் உறையின் பின்புறம் போதும்.

'ஒருபோதும் இல்லை' என்று எழுதுதல்

மேலே சொன்னதைக் கற்றுக்கொண்டவர்கள் உடனே எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிக் கொரியோலிஸ் விளைவு மிகக் குறைவு, ஆகவே ஐந்து பாகைக்குள் வெப்பமண்டலப் புயல் ஒருபோதும் உருவாகாது என்று ஒருவர் அறுதியிட்டு எழுதியிருந்தார். 2001 டிசம்பரில் தென் சீனக் கடலில் ஏறக்குறைய ஒன்றரைப் பாகை வடக்கில் வாமெய் புயல் உருவாகி, 27ஆம் தேதி ஜொகூரில் கரை கடந்தது. வடகிழக்குப் பருவக்காற்று வழக்கத்தைவிட வலுவாகக் குறுகிய கடற்பரப்புக்குள் நுழைந்து, போர்னியோவை ஒட்டி ஏற்கெனவே இருந்த சுழலோடு சேர்ந்துகொண்டதால், பூமியிடமிருந்து அதிகம் கிடைக்காத சுழற்சி காற்றுகளிடமிருந்தே கிடைத்தது. ஜொகூர்க்காரர் ஒருவர் இதை நினைவுபடுத்திய பிறகு அந்தப் பதிலை யார் நம்புவார்கள்? 'மிக அரிது' என்று எழுதியிருந்தால் போதும்.

கணினியின் மதிப்பெண்ணை ஒட்டுதல்

சதுரங்க நிலையை மதிப்பிட்டுக் கணினி தரும் '−0.4' என்பது விளக்கம் ஆகாது. எதிராளி அடுத்து என்ன செய்வார் என்று எழுதுங்கள்.

உவமை மேல் உவமை

ஒன்று போதும்.

ஒரு பலகையின் விதியை இன்னொரு பலகைக்குக் கொண்டுபோதல்

பினாங்கில் சீனர் காப்பிக் கடையின் ஐந்தடியில் (கடைமுன் நடைபாதையில்) இரண்டு முதியவர்கள் சீனச் சதுரங்கம் ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்து கேள்வி கேட்பவர்கள் பலர். காய்களைக் கட்டத்துக்குள் வைக்காமல் கோடுகள் சந்திக்கும் இடத்தில் வைப்பது, யானை பலகையின் நடுவிலுள்ள ஆற்றைத் தாண்டாதது, பீரங்கி நடுவில் ஒரு காயைத் தாண்டித்தான் வெட்டுவது ஆகியவை கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகள். அவற்றில் யாரும் பிசகுவதில்லை. தெரியாதவைதான் காலை வாருகின்றன. நகர்த்த இடமில்லாமல் ஒருவர் மாட்டிக்கொண்டால் ஆட்டம் சமன் என்று பன்னாட்டுச் சதுரங்கம் ஆடிப் பழகியவர் சட்டென்று எழுதிவிடுவார். சீனச் சதுரங்கத்தில் அப்படி மாட்டிக்கொண்டவர் தோற்றவர். இந்த ஒரு விதி மாறும்போது கடைசிக் கட்ட ஆட்டம் முழுவதுமே மாறிவிடுகிறது. ஒற்றைச் சிப்பாயை வைத்துக்கொண்டு சமனுக்குப் போராடுவது பற்றி நீங்கள் அறிந்த பலவும் அங்கே செல்லாது.

பல்லாங்குழிக்கும் மலாய்க்காரர்களின் குழி ஆட்டமான சொங்காக்குக்கும் இடையில் இது இன்னும் மோசம், ஏனெனில் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். சொங்காக்கில் காய் போட்டுக்கொண்டு வரும்போது தன் காய்களைச் சேர்க்கும் வீட்டுக் குழியிலும் ஒன்று போட வேண்டும், எதிராளியின் வீட்டைத் தாண்டிச் செல்ல வேண்டும், முதல் சுற்றை இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கும் வழக்கமும் உண்டு. பாட்டியிடம் பல்லாங்குழி கற்றவருக்கு இவை எல்லாம் புதியவை. பல்லாங்குழியிலேயே குழிக்கு எத்தனை காய், எந்த எண்ணிக்கை சேர்ந்தால் எடுத்துக்கொள்ளலாம், கடைசிக் காய் விழுந்த பிறகு எதை அள்ளுவது என்பன வீட்டுக்கு வீடு மாறும். "எந்தக் குழியிலிருந்து தொடங்கினால் வெல்லலாம்?" என்று ஒருவர் கேட்டால், உத்தியை எழுதத் தொடங்காதீர்கள். பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அவருடைய வீட்டில் எப்படி ஆடுவார்கள் என்பதை ஒரு சுற்று எழுதச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு அதை எழுதும்போதே விடை தெரிந்துவிடுகிறது.