சிவப்புக் குள்ள விண்மீன்களைச் சுற்றும் பெருங்கோள்களைக் கண்டறியும் வழி

சூரியனின் நிறையில் பாதிகூட இல்லாத சிவப்புக் குள்ள விண்மீனை வியாழன் போன்ற கோள் ஒன்று சுற்றினால், அது விட்டுச்செல்லும் தடயம் பெரிதாகவே இருக்கும். அத்தகைய கோள்கள் அரிது என்பதும், அவற்றைப் போல நடிப்பவை ஏராளம் என்பதுமே இத்தேடலின் உண்மையான சிக்கல்.

முதலில், கோள்களைத் தேட 2018இல் ஏவப்பட்ட டெஸ் விண்கலத்தின் ஒளியளவுத் தரவுகளில், சீரான இடைவெளியில் ஒளி குறைகிறதா என்று பார்க்க வேண்டும். சூரியனை வியாழன் மறைத்தால் ஒளி 1% அளவே குறையும். சூரியனின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கே கொண்ட டிஓஐ-6894 விண்மீனிலோ, சனியைவிடச் சற்றே பெரிய கோள் 3.37 நாளுக்கொரு முறை ஏறத்தாழ 17% ஒளியை மறைக்கிறது. டெஸ்ஸின் ஒரு படப்புள்ளி வானில் 21 வில்விநாடி (ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி) அகலம் கொண்டது என்பதால், அருகிலுள்ள வேறொரு இரட்டை விண்மீனின் மறைப்பும் அதில் கலந்திருக்கக்கூடும். எனவே தரைத் தொலைநோக்கியில் இரண்டு நிற வடிகட்டிகள் வழியே மீண்டும் அளந்து, மறைப்பின் ஆழம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக உள்ளதா என உறுதிசெய்ய வேண்டும்.

இத்துடன் கோள் என்று அறிவித்துவிடக் கூடாது. வியாழன், பழுப்புக் குள்ளன் (கோளுக்கும் விண்மீனுக்கும் இடைப்பட்ட நிறை கொண்டது), மிகச் சிறிய விண்மீன் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே பருமன் கொண்டவை. நிறைதான் அவற்றைப் பிரித்துக் காட்டும். நிறையை அறிய, கோளின் ஈர்ப்பால் விண்மீன் முன்பின்னாக அசைவதை அதன் நிறமாலையில் அளக்க வேண்டும். இவ்விண்மீன்கள் அகச்சிவப்பிலேயே மிகுதியாக ஒளிர்வதால், ஸ்பெயினின் கலார் ஆல்ட்டோவிலுள்ள கார்மெனெஸ் போன்ற கருவிகள் இதற்கு ஏற்றவை. வியாழன் சூரியனை நொடிக்கு 12.5 மீட்டர் வேகத்தில் அசைக்கிறது. 1998இல் கண்டறியப்பட்ட கிளீசு 876 பி என்னும் கோள் தன் சிவப்புக் குள்ள விண்மீனை 200 மீட்டருக்கும் மேலான வேகத்தில் அசைக்கிறது.

ஆயினும் பெரிய அசைவெல்லாம் கோளால் வருவதன்று. ஏடி லியோனிசு விண்மீனில் 2.23 நாள் இடைவெளியில் தெரிந்த அசைவைக் கோள் என்று 2018இல் முன்மொழிந்தனர். பின்னர் அது விண்மீனின் சொந்தச் சுழற்சியும் மேற்பரப்புப் புள்ளிகளும் காட்டிய வேலை எனத் தெரிந்தது. கோளின் அசைவு எல்லா அலைநீளத்திலும் ஒரே அளவில் இருக்கும், புள்ளிகளால் வருவது மாறும் என்பதால், சுழற்சிக் காலத்தோடு ஒத்துப்போகும் எந்த அலைவையும் முதலில் ஐயுறுவதே முறை.

நம் பார்வைக் கோட்டில் குறுக்கிடாத கோள்களுக்கு அசைவை அளப்பதே முதல் வழி. 2019இல் அறிவிக்கப்பட்ட ஜிஜே 3512 பி என்னும் கோள் 204 நாளில் சுற்றுவதால் விரைவாகவே பிடிபட்டது. ஜிஜே 849 பி ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ ஐந்து ஆண்டு ஆகும் என்பதால், அத்தகையதைத் தேடுவோர் ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டே இருக்க வேண்டும்.