பதினொரு பாட்டு, ஒரு இறுவட்டு: பழைய வீடியோத் தொகுப்பைத் திரும்பிப் பார்க்கும் முறை

2006-இல் திருகோணமலையில் ஒரு ஸ்ரூடியோவின் பின்னறையில் எடிட்டிங் வேலைக்குச் சேர்ந்தேன். பகலில் கலியாண வீடியோ, சாமத்திய வீட்டு வீடியோ. இரவில், எங்கள் ஊர்ப் பெடியன்கள் தாங்களே எழுதி, இசையமைத்து, இரவல் கமராவில் எடுத்துக்கொண்டு வரும் பாட்டுகள். நான்கு வருடத்தில் பதினொன்று சேர்ந்தன. 2010-இல் எல்லாவற்றையும் ஒரே விசிடியில், அதாவது வீடியோ எழுதும் இறுவட்டில், தொகுத்தேன். "அக்கா, எங்கட பாட்டையும் சேர்த்துவிடுங்கோ" என்று வந்த ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. நூறு தட்டு எழுதி, விற்காமல், தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தோம்.

சென்ற மாரியில் அலுமாரி ஒதுக்கும்போது அதில் ஒன்று கிடைத்தது. ஸ்ரூடியோவின் ஹார்ட் டிஸ்க் எப்போதோ பழுதாகி, மூலப் பைல்கள் போய்விட்டன. ஆகவே கையில் இருக்கும் அந்தத் தட்டுதான் எல்லாம். அதைக் காப்பாற்றி, பார்த்து, குறிப்பெடுத்து முடிக்க மூன்று மாதம் பிடித்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கிடக்கலாம் என்பதற்காகச் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் தட்டு

கிடைத்த ஆசையில் உடனே பிளேயரில் போட்டுவிடாதீர்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பலரும் மினுங்கும் பக்கத்துக் கீறலைத்தான் தேடுவார்கள். விசிடிக்கு ஆபத்து மேல்பக்கத்தில், பெயர் எழுதும் பக்கத்தில் இருக்கிறது. 1.2 மில்லிமீற்றர் தடிப்பான பிளாஸ்ரிக்கின் மேற்புறத்தில்தான் பதிவுப் படலம் ஒட்டியிருக்கிறது. அதற்கு மேல் மெல்லிய பூச்சு ஒன்று, அவ்வளவுதான். கீழ்ப்பக்கத்துச் சின்னக் கீறல்களை லேசர் பெரும்பாலும் தாண்டி வாசித்துவிடும். மேலே படலம் உரிந்தால் அந்த இடத்துப் பாட்டு போனதுதான். பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தால் தயவுசெய்து உரிக்காதீர்கள். வேறொரு பழைய தட்டில் நான் உரித்தேன். சீட்டோடு படலமும் வந்துவிட்டது.

துடைக்கும்போது மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுங்கள். வட்டமாகத் துடைக்கக்கூடாது. பதிவு சுருள்வட்டமாக ஓடுகிறது. அதே வழியில் ஒரு கீறல் விழுந்தால் தொடர்ச்சியாகப் பல துண்டுகள் கெடும். குறுக்கே விழும் கீறலைப் பிளேயர் ஓரளவு சமாளிக்கும். எங்கள் ஊரில் கடற்காற்றின் உப்பும் மாரிக்காலத்து ஈரமும் சேர்ந்து தட்டில் ஒரு பிசுபிசுப்பு படிந்திருக்கும். வடித்த நீரைத் துணியில் கொஞ்சம் தொட்டுத் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். வெயிலும் சூடும் எழுதிய தட்டின் சாயத்துக்கு ஆகாது. கச்சான் என்னும் சூடான வறண்ட காற்று வீசும் மாதங்களில் ஜன்னலோரத்திலும் வைக்கவேண்டாம்.

பிரதி எடுத்தல்

விசிடியைக் கணினியில் திறந்தால் ‘எம்பெக்ஏவி’ (MPEGAV) என்று ஒரு போல்டர் இருக்கும். அதற்குள் ‘டாட்’ (.DAT) என்று முடியும் பைல்கள், பெரும்பாலும் பாட்டுக்கு ஒன்று. தட்டு சுத்தமாக இருந்தால் அவற்றை இழுத்துக் கணினியில் போட்டாலே போதும், விஎல்சி என்ற வீடியோ ஓட்டும் மென்பொருளில் ஓடும். என்னுடையது நான்காம் பாட்டிலேயே நின்றுவிட்டது.

காரணம் விசிடியின் அமைப்பிலேயே உண்டு. சாதாரண டேட்டா சீடியில் ஒவ்வொரு துண்டிலும் 2048 பைட் தகவலும், பிழை திருத்துவதற்கென்று 276 பைட்டும் இருக்கும். விசிடியில் வீடியோவுக்கு இடம் கூட்டுவதற்காக அந்த 276-ஐயும் வீடியோவுக்கே கொடுத்து, 2324 பைட்டாக எழுதுவார்கள். பாதுகாப்பில் ஒரு அடுக்கு குறைவு. ஓடவிட்டால் படம் ஒரு கணம் சதுரம் சதுரமாக உடைந்துவிட்டு மேலே போகும். பிரதி எடுக்கப் போனால் கணினி பிழை என்று சொல்லி நின்றுவிடும். இதற்கு ஐசோபஸ்ரர் போன்ற மென்பொருள் வேண்டும். அது துண்டு துண்டாக வாசிக்கும், வாசிக்க முடியாததை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகும்.

இன்னொன்று, ஒரு டிரைவ் வாசிக்காததை வேறொரு டிரைவ் வாசிக்கும். யூஎஸ்பி டிரைவ் இரண்டில் முயன்று கைவிட்ட நான்காம் பாட்டின் கடைசி நாற்பது வினாடியை, தெரிந்தவர் வீட்டில் தூசி பிடித்துக் கிடந்த பழைய கணினி ஒன்று ஒரே தடவையில் வாசித்தது. ஆகவே ஒரு டிரைவ் கைவிரித்தவுடன் மனம் உடையவேண்டாம். கிடைத்த பைல்களைப் பெயர்கூட மாற்றாமல் ஒரு போல்டரில் போட்டு, ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு பென்டிரைவிலும் வைத்து, மூன்றாவது பிரதியை வேறொரு வீட்டில் கொடுத்துவிடுங்கள். இனி அந்தப் போல்டரில் கை வைக்கக்கூடாது.

பார்த்தல்

முதல் தடவை ஒன்றும் எழுதாதீர்கள். நிறுத்தாமல், தாவாமல், முதலிலிருந்து கடைசிவரை பாருங்கள். என்னுடையது மொத்தம் 49 நிமிடம். பிடித்த பாட்டைத் தனியே வெட்டி எடுக்கத்தான் கை போகும், எனக்கும் போனது. பொறுங்கள். தொகுப்பைத் தொகுப்பாகவே பாருங்கள். ஒழுங்கைக் கலைத்திருந்தால் நான் கண்டதைக் கண்டிருக்கவே மாட்டேன்.

அன்றைக்குப் பெரிதாக யோசிக்காமல், பாட்டுகள் என் கைக்கு வந்துசேர்ந்த வரிசையிலேயே அடுக்கியிருந்தேன். இத்தனை வருடம் கழித்துப் பார்க்கிறேன், முதல் ஐந்து பாட்டுகளில் ஒரு துண்டு வானம்கூட இல்லை. சுவர், திரைச்சீலை, ஒரு டியூப்லைட், மேலே சுற்றும் மின்விசிறி. கடலைப் பற்றிய பாட்டையே நீலச் சேலை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு அதன் முன்னால் நின்று பாடியிருக்கிறார்கள். கடல் நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. ஆறாம் பாட்டில் ஒரு மேல்மாடி வருகிறது. ஏழில் வீட்டு ஒழுங்கை. எட்டிலிருந்து கிண்ணியாத் துறை, டச்பே கடற்கரை, உவர்மலை ஏற்றம், நிலாவெளி.

முதலாவது பாட்டு, 2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டு சனம் இடம்பெயர்ந்த நாட்களை ஒட்டி எடுத்தது. அந்தக் காலத்தில் கமராவோடு வீதியில் இறங்கினால் சோதனைச் சாவடிக்குச் சாவடி பதில் சொல்லவேண்டும். பதினொரு பாட்டில் ஒன்றிலும் யாரும் அதைப் பற்றிப் பாடவில்லை. எங்கே நின்று பாடினார்கள் என்பதில் அது இருக்கிறது. யுத்தம் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு வந்த பாட்டுகளில் பெடியன்கள் கரையோரம் ஓடுகிறார்கள், பாட்டு முழுக்க ஓடுகிறார்கள். எடிட் செய்யும்போது ஓட்டம் கூடிப்போச்சு என்று பலதை நானே வெட்டினேன். இன்றைக்கென்றால் ஒரு அடிகூட வெட்டமாட்டேன்.

இரண்டாம் தடவை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாடுபவரை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விஎல்சியில் ஆங்கில ‘ஈ’ எழுத்தை அழுத்தினால் பிரேம் பிரேமாக நகரும். அட்டையில் திகதி இல்லாத தொகுப்புக்கு இதுதான் திகதி கண்டுபிடிக்கும் வழி. எங்கள் எட்டாம் பாட்டில் மூன்று வினாடிக்குக் கிண்ணியாத் துறை வருகிறது. பாதை, அதாவது ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச்செல்லும் மிதவை, கரை தட்டுகிறது, பின்னால் நீருக்குள் பாலத்தின் தூண்கள் நிற்கின்றன. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009 ஒக்டோபரில், ஆகவே பாட்டு அதற்கு முந்தியது. அந்தப் பாட்டை 2010-இல் எடுத்ததாகவே நானும் பெடியன்களும் நினைத்திருந்தோம். தேர்தல் சுவரொட்டி, கடைப் பெயர்ப்பலகை, சுவரில் தொங்கும் கலண்டர் எல்லாவற்றையும் இப்படிக் குறித்துவையுங்கள்.

கலண்டர் என்றவுடன் இதையும் சொல்லவேண்டும். விசிடியின் படம் 352 × 288 பிக்சல்தான். எடுத்தது மினிடிவி என்ற சின்னக் கமராக் கசெட்டில் என்றால் அதில் 720 × 576, ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆகவே மூலக் கசெட் யாரிடமாவது இருக்கிறதா என்று கட்டாயம் விசாரியுங்கள். இரண்டாம் பாட்டின் கசெட் பாடிய பெடியனின் அம்மாவிடம், பிஸ்கட் பேணிக்குள், நூல்கண்டுகளோடு இருந்தது. விசிடியில் அவன் தலைக்குப் பின்னால் வெறும் வெள்ளைச் சதுரமாகத் தெரிந்தது, கசெட்டில் 2007 மார்ச் மாதக் கலண்டர். கசெட்டைக் கணினிக்கு மாற்ற அதே வகைக் கமராவும் பயர்வயர் கேபிளும் அதற்கான துளை உள்ள பழைய கணினியும் வேண்டும். ஒரு மணித்தியாலக் கசெட்டுக்கு ஏறக்குறைய 13 ஜிகாபைட் இடம் ஒதுக்குங்கள்.

மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு ஹெட்போனில் கேளுங்கள். எங்கள் குரல்பதிவெல்லாம் வீட்டு அறைகளில் செய்தது. மூன்றாம் பாட்டின் இரண்டாவது சரணத்துக்கு அடியில், மிக மெல்லிதாக ஒரு மணிச் சத்தம் வருகிறது. பதிவு செய்த வீடு பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில். பூசை நேரம் என்று பார்க்காமல் பதிந்திருக்கிறோம். அப்போது கேட்டிருந்தால் அழித்திருப்பேன். நல்லவேளை கேட்கவில்லை.

அப்புறம் ஆட்கள். இதற்குத்தான் மூன்று மாதத்தில் இரண்டு மாதம் போனது. பெடியன்களில் பாதிப் பேர் வெளியில், ரொறன்ரோவிலும் லண்டனிலும். லிங்கை அனுப்பிவிட்டு "இது ஆர்?" என்று கேட்டால் ஒரு சிரிப்புப் படம்தான் பதிலாக வரும். வட்ஸ்அப்பில் அழைத்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். படத்தில் இருப்பவர்களைவிட, இல்லாதவர்களைக் கேளுங்கள். டியூப்லைட்டைத் தூக்கிப் பிடித்தது யார், சேலை யாருடைய அம்மாவுடையது, மோட்டார் சைக்கிளின் பின்னால் திரும்பி உட்கார்ந்து படம்பிடித்தபோது ஓட்டியது யார். அட்டையில் பாடகர் பெயர் மட்டும்தான் போட்டிருந்தேன். இப்போது கொப்பியில் ஐம்பத்திரண்டு பெயர் இருக்கிறது. பட்டப்பெயரையும் முழுப்பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பட்டப்பெயர் மட்டும் தெரிந்த ஆளைப் பத்து வருடத்துக்குப் பிறகு யாராலும் தேடிப்பிடிக்க முடியாது.

பகிர்தல்

மூலப் போல்டரைத் தொடாமல் அதிலிருந்து வேறொரு பிரதி செய்து ஹான்ட்பிரேக் என்ற மென்பொருளில் எம்பி4 ஆக்குங்கள். அகலத் திரைக்காக இழுக்கவேண்டாம், முகங்கள் எல்லாம் சப்பையாகிவிடும். விசிடியின் வடிவம் 4:3, பக்கத்தில் கறுப்பு விழுந்தால் விழட்டும். படத்தைக் கூர்மையாக்கும் கருவிகளையும் நான் போடவில்லை. அவை இல்லாத கண்ணையும் மூக்கையும் தாமே வரைந்துவிடுகின்றன. பதினொன்றையும் ஒரே வீடியோவாக ஏற்றி, கீழே 0:00 என்று தொடங்கி ஒவ்வொரு பாட்டின் நேரத்தையும் எழுதினால் யூடியூப் அவற்றை அத்தியாயங்களாகப் பிரித்துத் தரும்.

ஏற்றுவதற்கு முன் படத்தில் முகம் தெரியும் எல்லோரிடமும் கேளுங்கள். அன்றைக்குப் பதினேழு வயதில் ஆடியவருக்கு இன்றைக்கு வேறு வாழ்க்கை. ஒன்பதாம் பாட்டில் ஆடிய தங்கச்சி, "அக்கா, வீட்டில பார்க்கிறதுக்கு ஒரு பிரதி தாங்கோ, வெளியில விடவேண்டாம்" என்றா. சரி என்றேன். அந்தப் பாட்டு மூலப் போல்டரில் பத்திரமாக இருக்கிறது. வெளியில் விட்ட பிரதியில் எட்டையும் பத்தையும் ஒட்டிவிட மனம் வரவில்லை. யூடியூப்பில் ஒரு அத்தியாயம் குறைந்தது 10 வினாடி இருக்கவேண்டும். ஆகவே ஒன்பதாம் பாட்டின் இடத்தில் பத்து வினாடிக் கறுப்புத் திரையும் நடுவில் ‘9’ என்ற எண்ணும் வைத்தேன். அது முடிந்ததும் பத்தாம் பாட்டு தொடங்கும், நிலாவெளிக் கரையில் ஓட்டத்தோடு.