சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் புவி வெப்பமயமாதலை எப்படிச் சொல்லித் தருவது?

மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் உலகம் அழியப்போகிறது என்று ஆரம்பிக்காதீர்கள். பயந்த பிள்ளைக்கு எதுவும் மண்டையில் ஏறாது.

காற்றில் இருக்கும் கரியமில வாயு பூமிக்கு ஒரு போர்வை மாதிரி, வெயிலில் சூடான தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தில் ஒரு பகுதியை வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கிறது என்று சொல்லுங்கள். இப்படிப் பிடித்துவைக்கும் வாயுக்கள் இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி அளவில் இருக்கும், அதனால் அந்த வாயுவை வில்லனாக்க வேண்டாம். நிலக்கரியையும் பெட்ரோலையும் எரித்து எரித்துப் போர்வையை நாம் தடிமனாக்கிவிட்டோம், அதுதான் சிக்கல். ஓசோன் ஓட்டையை இதோடு போட்டுக் குழப்பாதீர்கள்.

அப்புறம், பனி உருகினால் கடல் மட்டம் ஏன் ஏறுகிறது என்று காட்ட ஐஸ் சோதனை. இதற்கு ஒரு முழு பீரியட் ஒதுக்கலாம். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்து, ஒன்றில் தண்ணீர் ஊற்றி ஐஸ் கட்டியை மிதக்கவிடுங்கள். இன்னொன்றில் தண்ணீருக்கு மேலே தலை நீட்டும்படி ஒரு கல்லை வைத்து, ஐஸ் தண்ணீரில் படாமல் கல்லின் மேல் வையுங்கள். இரண்டிலும் தண்ணீர் மட்டத்தை ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுவிட்டு, எது ஏறும் என்று முதலில் பிள்ளைகளையே சொல்லவிடுங்கள். ஐஸ் உருகியதும் ஒவ்வொருவரும் குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்க்கவேண்டும். மேலிருந்து பார்த்தால் தப்பாகத் தெரியும். மிதந்த ஐஸ் உருகியும் மட்டம் மாறாது, கல் மேல் இருந்தது உருகினால் ஏறும். இப்போது உலக வரைபடத்தை விரித்து, கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் பனி நிலத்தின் மேல் கிடப்பதைக் காட்டுங்கள். சூடானால் கடல்நீரே கொஞ்சம் விரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

பழக்கம் என்று வரும்போது அறிவுரை வேண்டாம், கணக்குப் போடவையுங்கள். ஒரு மின்விசிறி சுமார் 75 வாட்; மதிய இடைவேளையில் ஆளில்லாத வகுப்பில் 4 விசிறி 1 மணி நேரம் சுற்றினால் 0.3 யூனிட் வீண். நம் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது, நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைத் தோண்டி எரிக்கிறார்கள் என்று சொன்னால் சுவிட்சுக்கும் போர்வைக்கும் உள்ள தொடர்பைப் பிள்ளைகளே பிடித்துக்கொள்வார்கள். சுவிட்சை அணைக்கும் பொறுப்பை வாரம் ஒருவருக்குக் கொடுங்கள். விழிப்புணர்வு ஊர்வலத்துக்கு ஃபிளெக்ஸ் அடிப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

மரக்கன்று நடுவதாக இருந்தால் ஐப்பசி மழைக்கு முன்னால் நட்டுவிடுங்கள், கோடை விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று பெயர் எழுதிவைத்த பிறகு.