முகம் பிறகு, முதுகு முதலில்: ஜெர்மானிய மௌனப்பட அஞ்சலட்டைகளைச் சேர்ப்பது எப்படி

என் சேகரிப்பின் முதல் அட்டை ஒரு போலி. பெர்லினில், ஸ்ட்ராஸெ டெஸ் 17 யூனி என்ற பெருஞ்சாலையோரம் வார இறுதிகளில் கூடும் பழம்பொருள் சந்தையில் வாங்கியது. ‘மெட்ரோபோலிஸ்’ என்ற மௌனப்படத்தின் நாயகி பிரிகிட்டே ஹெல்மின் இமைக்காத பார்வையைக் கண்டதும் பேரம்கூடப் பேசவில்லை. அறைக்கு வந்து பத்து மடங்கு லென்ஸை வைத்தால் முகமெங்கும் அச்சுப் புள்ளிகள்; அசல் புகைப்படம் அல்ல, பின்னாளில் அச்சடித்த நகல். நான் அச்சகத்தில் பிளேட் எடுக்கும் பிரிவில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவன். புள்ளியைப் பார்த்தே பிழைத்தவன், பார்க்கவேண்டிய நேரத்தில் பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டேன். வீட்டில் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அன்று முதல் எந்த அட்டையை எடுத்தாலும் முதலில் திருப்பிவிடுவேன்.

பின்பக்கத்தின் நடுவே கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பாதியில் செய்தி, மறுபாதியில் முகவரி என்று பிரித்து எழுத ஜெர்மனியில் 1905இல்தான் அனுமதி வந்தது. சினிமா நட்சத்திரங்களின் காலம் அதற்குப் பிறகுதான் என்பதால், கோடில்லாத அட்டையில் இருப்பவர் அநேகமாக நாடக நடிகராகவோ பாடகராகவோ இருப்பார்.

அஞ்சல்தலை இருந்தால் இன்னும் நல்லது. 1916 ஆகஸ்டில் அஞ்சலட்டைக் கட்டணம் 5 ஃபென்னிக்கிலிருந்து (அக்கால ஜெர்மன் சில்லறைக் காசு) ஏழரை ஃபென்னிக் ஆனது. போர்க்காலத்தில் ஜெர்மானியரையும் ஏழரை விடவில்லை. 1923இல் பணவீக்கம் தலைவிரித்தாடியபோது தலைகளின் மதிப்பு மில்லியன், பில்லியன் என்று ஓடியது. புதுப் பணம் வந்தபின் 5 ஃபென்னிக்குக்கு இறங்கிய வெளியூர்க் கட்டணம், 1927 ஆகஸ்டில் 8 ஆனது. ஆகவே முத்திரையின் தேதி மங்கியிருந்தாலும் தலையே காலத்தைச் சொல்லிவிடும். ஒன்றை மறக்கவேண்டாம்: முத்திரை சொல்வது அஞ்சலில் போட்ட நாளை. அட்டை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அச்சாகி, யாருடைய மேசை இழுப்பறையிலாவது தூங்கியிருக்கலாம்.

இனி முன்பக்கத்துக்கு வரலாம். அங்கேயும் முதலில் கீழோரம். வெளியீட்டாளர் பெயர், எண், படம் எடுத்த ஸ்டுடியோ எல்லாம் பெரும்பாலும் அங்கே பொடி எழுத்தில் இருக்கும். 1910களின் அட்டைகளில் போட்டோகெமி, ரோட்டோஃபோட், ஹெர்மன் லைசர் ஆகிய பெர்லின் பெயர்களைக் காண்பீர்கள். போர் முடிந்தபின் களத்துக்கு வந்த ராஸ் ஃபெர்லாக், இருபதுகளில் மற்ற எல்லோரையும் ஓரங்கட்டியது. இன்று சந்தைப் பெட்டிகளைக் கிளறினால் கையில் அதிகம் படுவது ராஸ்தான். அதன் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. 3321/1 என்பதுபோல் சாய்கோட்டுடன் இருக்கும். மூவாயிரங்கள் ஏறத்தாழ 1928-29, நாலாயிரங்கள் 1929-30. ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டால் பேசும்பட யுகம். மௌனப்படம் மட்டும் சேர்ப்பவர் அங்கே நின்றுவிடலாம். சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண் மாறினால் பெரும்பாலும் அதே நட்சத்திரத்தின் வேறு தோற்றம். படநிறுவனத்தின் பெயரும் உதவும். ‘ஊஃபா’ என்றிருந்தால் அந்த நிறுவனம் தொடங்கிய 1917 டிசம்பருக்கு முந்தையதாக இருக்க முடியாது. ‘பாருஃபாமெட்’ என்றிருந்தால் ஊஃபா, பாரமௌண்ட், மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் மூன்றும் 1925 இறுதியில் ஒப்பந்தம் போட்ட பிறகு வந்தது.

ராஸ் ஃபெர்லாக்கை நடத்திய ஹைன்ரிஷ் ராஸ் ஒரு யூதர். 1937இல் நாஜிகள் அவரை வெளியேற்றினார்கள். பெயரை மட்டும் 1941 வரை விட்டுவைத்து அட்டைகளை விற்றார்கள். முப்பதுகளின் பிற்பகுதி அட்டைகளை நான் வாங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

போலிக்கு வருவோம். அசல் ராஸ் அட்டை பெரும்பாலும் உண்மையான புகைப்படத்தாளில் எடுத்த படி. லென்ஸில் நிழலும் ஒளியும் புள்ளியில்லாமல் வழுக்கிக்கொண்டு போகவேண்டும். புள்ளி தெரிந்தாலே போலி என்று பாய்ந்துவிடாதீர்கள். அக்காலத்திலேயே இயந்திரத்தில் அச்சான மலிவு அட்டைகளும் உண்டு. சந்தேகம் தீரவில்லையென்றால் இருட்டறையில் புறஊதா டார்ச்சை அடியுங்கள். தாளை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்ப்பிகள் 1950களை ஒட்டித்தான் புகைப்படத்தாளில் புகுந்தன. தாள் நீலவெண்மையாகப் பளிச்சிட்டால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம். கருமையான பகுதியைச் சாய்த்துப் பார்க்கையில் வெள்ளிப்பூச்சு போல மின்னினால் பயப்படவேண்டாம். அது வயதான வெள்ளி மேலே வந்திருப்பது. எனக்கு அது நல்ல சகுனம்.

கையெழுத்துள்ள அட்டைக்கு ஆசைப்படுகிறவர்கள் பேனாக் கோட்டை லென்ஸில் பாருங்கள். மை தாளின்மேல் தனியாக அமர்ந்திருக்கவேண்டும். படத்தோடு படமாகக் கலந்திருந்தால் அது அச்சிட்ட கையெழுத்து.

எல்லா நட்சத்திரங்களையும் துரத்தாதீர்கள், பணப்பை தாங்காது. ‘மெட்ரோபோலிஸ்’ காட்சி அட்டைகளுக்கு நிற்கும் போட்டியைப் பார்த்ததும் நான் ஒதுங்கிவிட்டேன். ஜெர்மானிய மௌனப்பட நடிகை ஹென்னி போர்ட்டனைப் பிடித்துக்கொண்டேன். அவர் நடிக்கத் தொடங்கிய மெஸ்டர் படநிறுவனக் காலம் தொட்டு இருபதுகளின் இறுதிவரை அவருக்கு வந்த அட்டைகள் ஏராளம். சில யூரோவிலேயே கிடைக்கின்றன. அவர் ஒருவரை வரிசைப்படுத்தினாலே வெளியீட்டாளர்களின் வரலாறு மொத்தமும் வரிசையில் வந்து நின்றுவிடுகிறது. இணையத்தில் தேடும்போது நட்சத்திரத்தின் பெயரோடு நிறுத்தாமல், நடிகை என்று பொருள்படும் ‘ஷௌஷ்பீலரின்’ என்ற சொல்லைத் தனியாகவும் போட்டுத் தேடுங்கள். படத்திலிருப்பவர் யாரென்று தெரியாத விற்பனையாளர்கள் அப்படித்தான் பட்டியலிடுவார்கள். என் நல்ல அட்டைகள் பலவும் அப்படி வந்தவை.

செய்தி எழுதப்பட்ட அட்டையைச் சிலர் ஒதுக்குகிறார்கள். நான் தேடி வாங்குகிறேன். குர்ரென்ட் என்ற பழைய சாய்வெழுத்து முதலில் கொசுக்கூட்டம் போலத்தான் தெரியும். எழுத்து அட்டவணையைப் பக்கத்தில் வைத்து, 1917இல் அனுப்பிய ஓர் அட்டையோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். காதல் கடிதம் என்று நம்பியிருந்தேன். உருளைக்கிழங்கு மூட்டை வந்து சேர்ந்ததா என்று அக்காளிடம் கேட்டிருந்தாள் தங்கை.

பாதுகாப்பதில் பெரிய வித்தை இல்லை. பி.வி.சி. உறை வேண்டாம், பாலியெஸ்டர் உறை போதும். பசை தடவிய ஆல்பம் கூடவே கூடாது. பின்னால் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தால் நீரில் ஊறவைக்காமல் அப்படியே விடுங்கள். ஓரத்தைப் பிடித்து எடுங்கள், வெயில் படாமல் வையுங்கள். இருபுறமும் தெளிவாகத் தெரியும் உறையாக இருக்கட்டும். என் பெட்டியில் எல்லா அட்டைகளும் முதுகைக் காட்டியபடிதான் நிற்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் ஹென்னி போர்ட்டனின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று கேட்டால் திருப்பிக் காட்டுகிறேன்.