வாய் நாற்றம் போக, பின்நாக்கிலிருந்து தொடங்குங்கள்

வாய் நாறினால் வயிறு கெட்டிருக்கிறது என்று பேதிக்குக் குடிப்பவர்களும் அசிடிட்டி மாத்திரை போடுபவர்களும் சேலத்தில் இன்றும் உண்டு. உணவுக்குழாய் சாதாரண நேரத்தில் மூடியே இருக்கும். ஏப்பம் விடும்போது தவிர வயிற்றுக் காற்று வாய்க்கு ஏறாது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் நாற்றம் பிறப்பது வாயிலேயேதான்: நாக்கின் பின்பகுதி, பல் இடுக்கு, ஈறு. காற்றுப் படாத அந்த இடுக்குகளில் குடியிருக்கும் பாக்டீரியா, உணவுத் துணுக்கிலும் உதிர்ந்த தோலிலும் இருக்கும் புரதத்தைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை விடுகிறது. அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டைக்கோஸ் போல நாறினால் அது மெத்தில் மெர்காப்டன்; அது தூக்கலாக இருந்தால் ஈறு நோயைச் சந்தேகியுங்கள்.

முதலில் நாற்றம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உள்ளங்கையைக் குவித்து ஊதி முகர்ந்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, நம் மூக்கு நம் வாடைக்குப் பழகிப்போயிருக்கும். மணிக்கட்டின் உட்புறத்தை நாக்கால் நக்கி, பத்து விநாடி காயவிட்டு முகருங்கள். அது நாக்கின் முன்பகுதியின் வாடை. பிறகு ஒரு ஸ்பூனைக் கவிழ்த்து, பின்நாக்கில் மெதுவாக இழுத்து, அதில் ஒட்டி வருவதை முகருங்கள். மஞ்சளாகவோ வெள்ளையாகவோ கொழகொழவென்று வந்து வாடையும் அடித்தால் இடம் பிடிபட்டுவிட்டது. இதைவிட நம்பகமானது வீட்டில் ஒருவரிடம் கேட்பது. கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள்.

நாக்கு வழிப்பதில்தான் பாதிப் பிரச்சினை தீரும். பலர் நுனியிலும் நடுவிலும் நாலு இழுப்பு இழுத்துவிட்டு முடித்துவிடுகிறார்கள், நாற்றம் இருப்பதோ அதற்குப் பின்னால். நாக்கை நன்றாக வெளியே நீட்டி, வளைந்த ஸ்டீல் வழிப்பானைக் குமட்டல் வரும் இடத்துக்குச் சற்று முன்னால் வையுங்கள். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே முன்னோக்கி இழுங்கள். அப்போது ஓங்கரிப்பு குறையும். ஒவ்வொரு இழுப்புக்கும் வழிப்பானைத் தண்ணீரில் அலசி, ஐந்தாறு முறை போதும். அழுத்தம் வேண்டாம். ரத்தம் கசிந்தாலோ நாக்கு எரிந்தாலோ அதிகமாகச் சுரண்டுகிறீர்கள். காலையில் ஊரே கேட்கக் காறுவதால் பின்நாக்கு சுத்தமாவதில்லை.

பல் துலக்குவதில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை: மிருதுவான பிரஷ், பட்டாணி அளவு ஃபுளூரைடு பேஸ்ட், ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்துப் பிடித்து இரண்டு நிமிடம், இரவிலும் கட்டாயம். ஆனால் பிரஷ் பல் இடுக்குக்குள் போகாது. தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காய்த் துருவலும் வைத்துத் தரும் நம்மூர் தட்டுவடை செட் சாப்பிட்ட பிறகு கண்ணாடியில் பாருங்கள்: துருவிய கேரட், பீட்ரூட் நார் கடைவாய்ப் பல்லுக்கு நடுவே சிக்கியிருக்கும். ஒரு முழம் ஃபிளாஸ் நூலை இரண்டு நடுவிரலிலும் சுற்றி, இடுக்கில் அறுப்பதுபோல் மெல்ல இறக்கி, ஒவ்வொரு பல்லையும் அணைத்து மேலும் கீழும் தேய்த்து எடுங்கள். எடுத்த நூலை முகர்ந்தால் எந்த இடுக்கு நாறுகிறது என்று தனித்தனியாகத் தெரியும். ஒரே இடுக்கு தினமும் நாறினால் அங்கே சொத்தையோ, முன்பு சொத்தைக்கு அடைத்த இடத்தில் விரிசலோ இருக்கலாம். முதல் சில நாள் ஈறில் ரத்தம் வரும், நிறுத்தாதீர்கள். இரண்டு வாரம் ஆகியும் வந்தால் பல்லில் படிந்து இறுகிய காரையைப் பல் டாக்டரிடம் எடுத்துவிட வேண்டியதுதான்.

அதே செட்டில் தடவும் பூண்டுச் சட்னியின் வாடை வேறு வகை. பூண்டிலிருந்து வரும் ஒரு கந்தகப் பொருள் ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வெளியே வருவதால், எத்தனை முறை துலக்கினாலும் பல மணி நேரம் இருக்கும். கூடவே தயிரோ புதினா இலையோ ஆப்பிளோ சாப்பிட்டால் குறையும். இதை நோய் என்று பயப்பட வேண்டாம்.

எச்சில் வற்றினால் வாய் நாறும், இதைப் பலர் கவனிப்பதில்லை. தறிப்பட்டறையிலும் கொலுசுப் பட்டறையிலும் காலையிலிருந்து டீயிலேயே ஓட்டுபவர்களுக்கு மதியத்துக்குள் வாய் காய்ந்துவிடும். ஏற்காட்டில் குளிரில் தாகமே தெரியாது. எஸ்டேட் வேலையில் தண்ணீர் மறந்துபோகும், காபி மட்டும் மறக்காது. பாட்டிலைக் கண்ணில் படும் இடத்தில் வைத்து அரை மணிக்கு இரண்டு வாய் குடியுங்கள், காபிக்குப் பின் கொப்பளியுங்கள். ஏலக்காயும் சோம்பும் மென்றால் எச்சில் ஊறும், அந்த அளவில் நல்லது. வெற்றிலையோடு புகையிலை சேர்ந்தால் ஈறும் கெடும், புற்றுநோயும் வரும். ரத்த அழுத்தம், அலர்ஜி, மன அழுத்த மாத்திரைகள் சிலவும் வாயை வறட்டும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மவுத்வாஷ் கடைசி. கிருமியைக் கொல்லும் குளோர்ஹெக்சிடின் மருந்து கலந்தது, 0.2 சதவீதம் என்றால் 10 மில்லி, ஒரு நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை, டாக்டர் சொன்னபடி இரண்டு வாரம் வரைதான். நீண்டால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். பேஸ்ட் இந்த மருந்தின் வேலையை முறித்துவிடும், ஆகவே துலக்கி அரை மணி கழித்துக் கொப்பளியுங்கள். தினசரிக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போதும். பல்செட் போட்டவர்கள் இரவில் கழற்றி, சோப்பால் தேய்த்து, தண்ணீரில் போட்டு வையுங்கள்.

வாய் சுத்தமாக இருந்தும் நாற்றம் போகவில்லை என்றால் தொண்டையைப் பாருங்கள். டான்சில் குழியில் நொய்யரிசி போல வெள்ளைக் கட்டிகள் இருக்கலாம். ஊக்கால் குத்தாமல் உப்புநீரில் கொப்பளித்து, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றச் சளி வந்தால் உள்ளே புளியங்கொட்டையோ மணியோ சிக்கியிருக்கக்கூடும். சர்க்கரை நோயாளியின் மூச்சில் பழுத்த பழ வாடையும் வாந்தியும் மூச்சிரைப்பும் சேர்ந்தால் அன்றே ஆஸ்பத்திரி. வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலோ, வாய் முன்போல் திறக்காவிட்டாலோ தள்ளிப்போடாதீர்கள்.

நாற்றத்துக்காகவே பல் டாக்டரைப் பார்க்கப் போகும்போது, இரண்டு நாள் முன்பிருந்தே பூண்டும் பச்சை வெங்காயமும் வேண்டாம். அன்று காலை மவுத்வாஷும் ஏலக்காயும் வேண்டாம். அவர் உண்மையான வாடையை முகர்ந்தால்தான் அது நாக்கிலிருந்து வருகிறதா, ஈறிலிருந்து வருகிறதா என்று சொல்ல முடியும்.