அமெரிக்காவை நிறுவியவர்களின் விசுவாசம்: வாலிபர் கூட்டத்துக்குத் தயார்செய்யும் முறை

திருகோணமலை ஆலயங்களில் ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு வொஷிங்டன், ஜெபர்சன், பிராங்க்ளின் மூவரும் போதும். இம்மூவரில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எடுத்து, அதை மூன்று நிரலாக்குங்கள்: சேர்ந்திருந்த சபை, தன் கைப்பட எழுதியது, இறந்தபின் பிறர் சொன்னது.

பிழை புகுவது மூன்றாம் நிரலில்தான். வொஷிங்டன் பனியில் முழந்தாளிட்டு ஜெபிக்கும் படத்தைச் சான்றாகக் காட்டாதீர்கள். அது அவர் இறந்தபின் பரவிய கதை. அங்கிலிக்கன் சபை நிர்வாகத்தில் அவர் இருந்தது பதிவிலேயே உண்டு, அதைச் சொல்லுங்கள்.

பிராங்க்ளின் 1790 மார்ச் 9இல் எழுதிய கடிதத்தைத் துண்டாக்காமல் வாசியுங்கள். இயேசுவின் நீதிபோதனையை மெச்சிவிட்டு, அவரது தெய்வீகத்தில் ஐயமுண்டு என்கிறார். பாதியோடு நிறுத்தினால் முழுப் பக்தராகவே தெரிவார். ஜெபர்சனோ சுவிசேஷங்களைக் கத்தியால் வெட்டி, அற்புதங்களையும் உயிர்த்தெழுதலையும் விட்டு, இயேசுவின் வாழ்வையும் போதனைகளையும் மட்டும் ஒட்டிவைத்தார்.

அதற்காக எல்லாரும் ஐயப்பட்டவர்கள் என்றும் சொல்லிவிடாதீர்கள். சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட ஜோன் விதர்ஸ்பூன் பிரெஸ்பிட்டேரியன் போதகர்.

கேள்விகளுக்கு 20 நிமிடம் விடுங்கள். நம்மூரில் தமிழரசுக் கட்சியை நிறுவிய தந்தை செல்வாவைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். அவர் கிறிஸ்தவர், ஆனால் 1956 திருகோணமலை மாநாட்டில் அவரது கட்சி கேட்டது சமஷ்டியும் மொழியுரிமையும்.