கமோடு சீட் கவர்: இறுக்கினால் ஆட்டம் நிற்காது

கமோடுக்கு சீட் கவர் மாற்ற பிளம்பரைக் கூப்பிட வேண்டும் என்ற அவசியமே இல்லை. இரண்டு போல்ட், இரண்டு நட்டு, அவ்வளவுதான். ஆனாலும் எங்களிடம் புதிதாக வேலைக்கு வரும் பையன்களும் சரி, வீட்டில் தாங்களே மாற்றிப் பார்ப்பவர்களும் சரி, ஒரே இடங்களில்தான் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுகிறார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் விழுந்த இடங்கள்தான் அவை. சின்னச் சின்ன சறுக்கல்களை விட்டுவிடுகிறேன். காசைக் கரைப்பவை மட்டும் இங்கே.

அளவில்லாமல் கடைக்குப் போவது

"வெஸ்டர்னுக்கு ஒரு சீட் கவர் கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பார்? வட்டம் உண்டு, நீள்வட்டம் உண்டு, பின்பக்கம் சதுரமாக முடிவதும் உண்டு. போல்ட் இறங்கும் இரண்டு துளைகளுக்கு நடுவே உள்ள தூரமும் 14 செ.மீ., 15.5 செ.மீ. என்று மாடலுக்கு மாடல் மாறும். பழைய சீட்டையே கழற்றிக் கையோடு கொண்டுபோவது நல்லது. அது உடைந்து போயிருந்தால், கமோடு மேல் ஒரு செய்தித்தாளை விரித்து விளிம்பைச் சுற்றி விரலால் அழுத்துங்கள். தடம் விழும். அதன்மேல் பேனாவால் வரைந்து, துளை இருக்கும் இடங்களில் காகிதத்தைக் குத்திவிட்டு வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆடுகிறது என்று மேலும் மேலும் இறுக்குவது

எத்தனை முறை சொன்னாலும் இது நிற்பதில்லை. சீட்டை மாட்டியதும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பக்கவாட்டில் லேசாக நகருகிறது. உடனே ஸ்பேனரை எடுத்துவிடுகிறார்கள். "அண்ணே, இன்னும் ஒரு சுத்து விட்டுரவா?" என்று ஒரு பையன் கேட்டால், அவன் கையைப் பிடித்துத்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது.

ஒரு வீட்டில், முட்டி ஆபரேஷன் முடிந்து வந்த அப்பாவுக்காக மகனே புது சீட் மாட்டியிருந்தார். அப்பா எழுந்திருக்க ஒரு பக்கமாகச் சாயும்போதெல்லாம் சீட் நகர்ந்திருக்கிறது. விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் மகன் நட்டை ஸ்பேனர் போட்டு இறுக்கினார். 'டிக்' என்று ஒரு சத்தம். துளையிலிருந்து கீழ்நோக்கி முடி மாதிரி ஒரு கோடு. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம்தான் ஃபிளஷ் செய்யும்போதெல்லாம் கமோடின் பின்பக்கம் ஈரம் கசிய ஆரம்பித்தது. கமோடையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. அதைத் தரையில் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்ததால், எடுக்கும்போது சுற்றியிருந்த டைல்ஸும் உடைந்தது. அதே டிசைன் டைல்ஸ் எந்தக் கடையிலும் இல்லை. சில நூறு ரூபாய் வேலை எங்கே போய் நின்றது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பீங்கான் சுட்ட மண். மேலிருந்து உட்காரும் பாரத்தை நன்றாகவே தாங்கும். ஒரு புள்ளியில் நெரித்தாலோ, உள்ளிருந்து வெளியே தள்ளினாலோ தாங்காது, விரிசல் விட்டுவிடும்.

சரி, சீட் ஏன் நகருகிறது? பீங்கானில் இருக்கும் துளை போல்ட்டைவிடப் பெரியது. அந்த இடைவெளிக்குள் போல்ட் அப்படியும் இப்படியும் போய்வருகிறது. கீழே நட்டை எவ்வளவு இறுக்கினாலும் இடைவெளி அப்படியேதான் இருக்கும். அதை அடைக்கத்தான் பெட்டிக்குள் ஒரு சின்ன பாலித்தீன் கவரில் கூம்பு மாதிரி ரப்பர் வாஷர்கள் போட்டுக் கொடுக்கிறார்கள். கூம்பின் மெலிந்த முனை கீழிருந்து துளைக்குள் ஏற வேண்டும், அதற்கப்புறம்தான் நட்டு. இந்தக் கவரைத்தான் அட்டைப்பெட்டியோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு எரிச்சலே அங்கேதான் வருகிறது. வாஷர் தொலைந்துவிட்டால் ஹார்டுவேர் கடையில் கேட்டு வாங்குங்கள். வாஷர் இல்லாமல் மாட்டாதீர்கள்.

வளையத்தின் அடியில் இருக்கும் ரப்பர் பொத்தான்களையும் பாருங்கள். அதில் ஒன்று விழுந்திருந்தாலும் சீட் ஒரு பக்கம் தாழ்ந்து ஆடும். அதற்கும் போல்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

மாட்டும் முறை இதுதான். இரண்டு நட்டையும் முதலில் விரலால் மட்டும் ஏற்றுங்கள். மூடியைச் சாத்தி, வளையம் கமோடின் விளிம்போடு ஒட்டி வருகிறதா என்று பார்த்து நடுவில் நிறுத்துங்கள். பிறகு மேலே போல்ட் தலையை ஸ்க்ரூ டிரைவரால் பிடித்துக்கொண்டு, கீழே நட்டைக் கையாலேயே மாற்றி மாற்றி இறுக்குங்கள். இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று. ரப்பர் லேசாகப் பிதுங்க ஆரம்பித்ததும் கால் சுற்றோடு நிறுத்திவிடுங்கள். ஒரு வாரம் கழித்து ரப்பர் படிந்திருக்கும், அப்போது இன்னொரு முறை கையால் சரிபார்த்தால் போதும்.

சுவரில் தொங்கும் கமோடிலும், தொட்டியும் கமோடும் ஒன்றாகவே வரும், பக்கம் முழுக்க மூடிய ஒன் பீஸிலும் கீழே கை போகாது. மேலிருந்தே திருகும் போல்ட் வரும். திருகத் திருக ரப்பர் துளைக்குள் உப்பிப் பிடித்துக்கொள்ளும். அங்கே அழுத்தம் உள்ளிருந்து வெளியே போவதால் இன்னும் கவனம் வேண்டும்.

துருப்பிடித்த போல்ட்டைச் சுத்தியலால் தட்டுவது

தட்டினால் போல்ட்டுக்கு முன்னால் பீங்கான் உடையும். எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். அப்படியும் அசையாவிட்டால், பீங்கான்மேல் அட்டைத் துண்டு ஒன்றை வைத்து, கீலுக்கு அடியில் ஆக்சா பிளேடை மட்டும் நுழைத்து மெதுவாக அறுத்து எடுங்கள். கிரைண்டர் வேண்டாம்.

எம்-சீல் வைத்து ஒட்டுவது

வைக்காதீர்கள். அடுத்த முறை கழற்றவே முடியாது.

சாஃப்ட் குளோஸ் மூடியைக் கையால் அழுத்திச் சாத்துவது

தானாக இறங்கட்டும். அழுத்தினால், மூடியை மெதுவாக இறங்க வைக்கும் டேம்பர் என்ற உள்பாகம் போய்விடும்.

ஆசிட் ஊற்றி மூடிவைப்பது

கமோடு கழுவும் திரவங்களில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. ஊற்றிவிட்டு மூடியைச் சாத்தினால் ஆவி வெளியே போக வழியில்லாமல் கீலைத்தான் அரிக்கும். முலாம் பூசிய இரும்புக் கீல் என்றால் சீக்கிரமே பொரிந்து துருவேறிவிடும். கடையில் வாங்கும்போதே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீலாகவோ நல்ல பிளாஸ்டிக் கீலாகவோ கேளுங்கள். கழுவும்போது மூடியைத் திறந்தே வையுங்கள். முடிந்ததும் கீலையும் போல்ட் தலையையும் வெறும் தண்ணீர் விட்டு அலசி, துணியால் துடைத்துவிடுங்கள்.